சேதுபதிக்குள் குடியேறிய அக்கா

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் சேதுபதியின் முகத்தை அறியாதவர்கள்கூட அவருடைய குரலைக் கேட்டிருப்பார்கள். இருபத்தெட்டு வருடங்களாக அவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். பத்தாம் மாடிக்கும் பதினோராம் மாடிக்கும் நடுவே சிக்கிக்கொண்டு, காய்கறிப் பையோடு வேர்த்து நிற்கிறவர்களுக்கு முதலில் எட்டுவது அந்தக் குரல்தான். "ஒண்ணும் ஆகாது. கதவைத் தள்ளாதீங்க. அஞ்சு நிமிஷம்லா." அந்த ஐந்து நிமிஷம் சில நாள் நாற்பது நிமிஷமாக நீளும். ஆனாலும் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

அதற்குக் காரணம் அவருடைய ஒரு பழக்கம். எந்தப் பொருளைத் தொட்டாலும் அதில் எழுதியிருக்கும் எச்சரிக்கையை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்துவிடுவார். வேலையில் இது நல்ல பழக்கம். வீட்டில் அவ்வளவு நல்ல பழக்கமில்லை. மனைவி சுதா தலைவலி என்று மாத்திரையைப் பிரித்தால், அவர் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரிப்பார். "அரிதாக மயக்கம், மிக அரிதாக ஈரல் பாதிப்பு" என்று வாசித்து முடிப்பதற்குள் சுதாவுக்குத் தலைவலி இரண்டு மடங்காகியிருக்கும்.

ஐம்பத்திரண்டாவது வயதில், பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பிரஷ்ஷை மாற்றினார். பிறகு இயந்திர அறைக்கு ஏறும் ஒற்றை ஏணியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கவேண்டியிருந்தது. காலில் இடித்துக்கொள்ளாமலே கன்றிப்போன தடம் நாலைந்து. ரத்தப் பரிசோதனை செய்த அன்று சாயங்காலமே மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. ரத்தப் புற்றுநோய்.

இரண்டு மாதம் கீமோ. நோய் அடங்கியது. அடங்கியதே தவிர ஒழியவில்லை என்றார் டாக்டர் இளமதி. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட அவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனுஷி. "இது திரும்பி வரும் வகை. வேற ஒருத்தரோட ஸ்டெம் செல்லை உங்களுக்குள்ள ஏத்தணும். புது ரத்தம் அதுலேர்ந்து ஊறும். முதல்ல கூடப்பிறந்தவங்களைத்தான் பார்ப்போம். எத்தனை பேர்?"

"ஒரே ஒரு அக்கா" என்றார் சேதுபதி. "ஆனா அது வராது."

அக்கா சாமுண்டீஸ்வரி. ஊருக்கு ஈஸ்வரி டீச்சர். செங்காங்கில் ஒரு பாலர் பள்ளியில் முப்பது வருடமாக நாலு வயதுப் பிள்ளைகளை மேய்க்கிறவர். அதனால் உலகத்தில் உள்ள எல்லாரையும் நாலு வயது என்றே நினைத்துப் பேசுவார். பேருந்து ஓட்டுநரிடமும் "மெதுவா போங்க, நல்ல பிள்ளையா" என்று சொல்லக்கூடியவர். அக்காவும் தம்பியும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை.

சண்டை பெரிய விஷயத்துக்கு இல்லை. ஈஸ்வரிக்கு இறால் ஆகாது. வாயில் பட்டால் உதடு பலூனாகும், மூச்சு அடைக்கும். தம்பிக்கோ மிளகாய் அரைத்துச் செய்யும் இறால் சம்பால் என்றால் உயிர். தீபாவளிதோறும் தம்பிக்காக அதைச் சமைப்பது அக்காவின் வழக்கம். ருசி பார்க்க முடியாது, கண்ணளவுதான். மூன்று தீபாவளிக்கு முன்னால், நிறைந்த சபையில் சேதுபதி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "உப்பு கம்மிக்கா" என்றார். "அப்ப நாக்கு வீங்கி சாகட்டுமா, ருசி பாத்து?" என்று கேட்டுவிட்டு, சட்டியோடு மிச்சச் சம்பாலையும் எடுத்துக்கொண்டு போனவர்தான் அக்கா.

சுதா கணவரிடம் சொல்லாமல் நாத்தனாரை அழைத்தார். மறுநாள் மதியம், பள்ளிச் சீருடை டீ-சட்டையோடு, மருத்துவமனை வார்டில் ஈஸ்வரி வந்து நின்றார். கட்டிலில் முடியில்லாமல் மெலிந்து கிடந்த தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூணு மாசமா இது நடக்குது. எங்கிட்ட சொல்லல."

"நீதான் பேசலியே" என்றார் சேதுபதி.

"பேசலன்னா சொல்லக் கூடாதா? எங்க ஊசி போடுறாங்க, இந்தக் கையா, அந்தக் கையா?"

பரிசோதனை முடிவு வர இரண்டு வாரம். கூடப்பிறந்தவர்களுக்குள் நாலில் ஒரு வாய்ப்புதான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பொருந்திவிட்டது. அதுவும் முழுப் பொருத்தம். "ஒரே அச்சு" என்றார் டாக்டர். அக்கா, தம்பி இரண்டு பேருமே அதை ஒரு புகாராகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

சம்மதக் கையெழுத்துக்கு முன், என்னென்ன ஆபத்து என்று விளக்க டாக்டர் இளமதி இருவரையும் அறைக்கு அழைத்தார். சேதுபதி ஏற்கெனவே அந்தத் தாள்களை வாங்கி மூன்று தரம் படித்துவிட்டு, ஒரு நோட்டில் இருபத்துமூன்று கேள்வி எழுதி வந்திருந்தார்.

"முதல்ல ஒரு வாரம் கடுமையான கீமோ கொடுத்து உங்க பழைய எலும்பு மஜ்ஜையை அழிச்சிடுவோம்" என்றார் டாக்டர். "அப்ப எதிர்ப்பு சக்தியே இருக்காது. சாதாரண சளியும் ஆளைச் சாய்க்கும். வாயெல்லாம் புண்ணாகும். சில பேருக்கு புது செல் ஒட்டாமலே போகலாம். அடுத்தது ரொம்ப முக்கியம். உங்க அக்காவோட செல், உங்க உடம்பை வேத்து ஆளுன்னு நினைச்சு தாக்கலாம். தோல், குடல், ஈரல், எங்க வேணும்னாலும். வருஷக்கணக்கா நீடிக்கவும் செய்யலாம்."

சேதுபதி நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "டாக்டர், அது அம்பது வருஷமா நடக்குது."

"காரணம் இல்லாம நான் தாக்கினதே இல்ல" என்றார் ஈஸ்வரி.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மீதியைச் சிரிக்காமல் சொன்னார். "இந்த சிகிச்சையாலயே இறந்துபோறவங்களும் இருக்காங்க. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா செய்யாம விட்டா, நோய் திரும்ப வந்து உயிரை எடுக்குற வாய்ப்பு அதைவிட அதிகம்."

டாக்டர் தாள்களை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு சேதுபதி தன் இருபத்துமூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்வி, "எங்க அக்காவுக்கு என்ன ஆகும்?" என்பது. ஈஸ்வரி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே கார் நிறுத்துமிடத்தை மிகுந்த கவனத்தோடு பார்க்கத் தொடங்கினார்.

அக்காவுக்கு ஆனது இதுதான். ஐந்து நாள், நாளுக்கொரு ஊசி வயிற்றில். எலும்புக்குள் இருக்கும் செல்களைக் கிளப்பி ரத்தத்துக்குள் இறக்கும் மருந்து. இடுப்பிலும் முதுகிலும் வலி வரலாம் என்று சொன்னார்கள். வந்தது. வந்ததைச் செங்காங் முழுக்கத் தெரியப்படுத்தினார். தம்பிக்கு நாளுக்கு மூன்று அழைப்பு. "இடுப்பெலும்புக்குள்ள யாரோ உக்காந்து கதவைத் தட்டுறாங்கடா."

"எனக்குத்தான்கா புற்றுநோய்."

"ஆமா, அதை எத்தனை தடவ சொல்லுவ? எனக்கு வலிக்குது, அதைக் கேளு முதல்ல."

ஆறாம் நாள், இரண்டு கைகளிலும் குழாய் செருகி, நாலரை மணி நேரம் ஓர் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுற்றவிட்டு, வேண்டிய செல்லை மட்டும் பிரித்து எடுத்தார்கள். நடுவே உதடு விறுவிறுத்தது. பயந்துபோய், "யாரும் இறால் தொட்ட கையோட என்னைத் தொட்டீங்களா?" என்று தாதியை அதட்டினார். அது ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் மருந்தால் சுண்ணாம்புச்சத்து குறைவது என்று விளக்கி, தாதி ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் பாலும் கொடுத்தார்.

அந்தச் செல்களை உறையவைத்துக் காத்திருந்து, கீமோ முடிந்த பிறகு சேதுபதிக்கு ஏற்றினார்கள். பெரிய அறுவை சிகிச்சை என்று நினைத்திருந்தார் அவர். பார்த்தால் தக்காளி ரசம் நிறத்தில் ஒரு சின்னப் பை. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் சொட்டத் தொடங்கிய சில நிமிடங்களில் அவர் தொண்டைக்குள் ஒரு வாடை ஏறியது. அறை முழுக்கப் பூண்டு. தாதி மாஸ்க்கை இறுக்கிக்கொண்டார். வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த அக்காவிடம், "என்னக்கா சாப்பிட்ட அன்னைக்கு?" என்றார் சேதுபதி.

"பாலும் பிஸ்கட்டும். சுதா, நீயே சொல்லு. நான் பூண்டைக் கண்ணால பாக்கல."

செல்லைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் மருந்தின் வாடை அது, இரண்டு நாள் மூச்சிலும் வேர்வையிலும் இருக்கும் என்று தாதி சொன்ன பிறகும், ஈஸ்வரிக்கு மனம் ஆறவில்லை. தன் மீது வீண்பழி விழுந்ததாகவே நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வாரத்தைப் பற்றிச் சேதுபதி அதிகம் பேசுவதில்லை. வாய் முழுக்க வெந்தது. எச்சில் விழுங்குவதற்கே வலிமருந்து. இரண்டு முறை காய்ச்சல் நாற்பதைத் தொட்டது. வாயைத் திறந்தே வாழ்ந்த மனிதர், ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக்காட்டினார். எழுத்து கோணலாக இருக்கிறது என்று அக்கா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையால் காற்றில் திருத்திக் காட்டினார். சுதா தினமும் கட்டம் போட்ட ஒரு தாளில் வெள்ளை அணு எண்ணிக்கையைக் குறித்தார். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பதினேழாம் நாள் கொஞ்சம் ஏறியது. இருபதாம் நாள் இன்னும் ஏறியது. "புள்ளைங்க வந்து சேர்ந்துட்டாங்க" என்றார் ஈஸ்வரி. அன்றைக்குச் சுதா மருத்துவமனைக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவி, காப்பி வாங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் நல்லபடியாகப் போனது. பிறகு ஒரு காலையில் உள்ளங்கை இரண்டும் சிவந்து எரிந்தன. சாயங்காலத்துக்குள் காதும் மார்பும். டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார். அக்காவின் செல்கள் தாக்கத் தொடங்கிவிட்டன. ஸ்டீராய்டு மருந்து, அதுவும் அதிக அளவில்.

செய்தி கேட்டு ஈஸ்வரி செங்காங்கிலிருந்து பள்ளி முடிந்த கையோடு வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், மாஸ்க்கைச் சரிசெய்தார், தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துச் சிவந்த உள்ளங்கையைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார்.

"எல்லாரும் இங்க பாருங்க" என்றார் உள்ளங்கையிடம். "இது யாரு? தெரியாதுல்ல. இது மாமா. தாய்மாமா. மாமாவைக் கடிக்கக் கூடாது. யாரு முதல்ல ஆரம்பிச்சதுன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா இதோட நிறுத்தணும். வாயில விரல் வைங்க எல்லாரும்."

சேதுபதி சிரிக்கப் போய், காதில் தோல் இழுத்து வலித்து, பாதியில் நிறுத்தினார். அக்கா சிரிக்கவில்லை. அக்காவின் கண்ணைப் பார்த்தபோது அவருக்கும் சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, இது உன் தப்பு இல்ல."

"என்னோட ரத்தம்தானே உன்னைக் கடிக்குது?"

"உன்னோட ரத்தம்தான் என்னை உக்கார வச்சுப் பேச வைக்குது. கையை விடு, எரியுது."

நாலு நாளில் சிவப்பு அடங்கியது. மருந்து வேலை செய்கிறது என்றார் டாக்டர். "மருந்தும் வேணும்தான்" என்று ஈஸ்வரி பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்.

ஸ்டீராய்டு தனக்கென்று ஒரு பரிவாரத்தோடு வந்தது. பசி, அதுவும் காலை ஐந்து மணிக்கே ஆறு இட்லி கேட்கும் பசி. சர்க்கரை ஏறியது. கன்னம் இரண்டும் உப்பி, முகம் முழு நிலாவானது. எதைப் பார்த்தாலும் அழுகை வந்தது. தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சியில் யாரோ கேக்கைக் கீழே போட்டதற்கு அரை மணி நேரம் விம்மினார். உதிர்ந்த முடி திரும்பி முளைத்தபோது, ஐம்பது வருடம் கம்பியாக நின்ற முடி, சுருட்டைச் சுருட்டையாக வந்தது.

ஆறாம் மாதம் ரத்த வகையும் மாறிவிட்டது. பிறந்ததிலிருந்து ஓ. இப்போது பி, அக்காவைப் போல. அவர் ரத்தத்தில் இப்போது ஓடும் செல் அத்தனையும் பெண்ணுடையவை என்று பரிசோதனைத் தாள் சொன்னது. மருந்து குறைந்து, பத்தாம் மாதம் அவர் மேசை வேலைக்குத் திரும்பியபோது, கூட வேலை செய்யும் ஜாஃபர் அவர் ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த 'ஓ' என்ற ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு 'பி' ஒட்டிக்கொடுத்தார்.

"அண்ணே, அப்ப இனிமே மகளிர் தினத்துக்கு உங்களுக்கும் அரை நாள் லீவு கேக்கலாமா?"

"கேளு. கிடைச்சா பாதி உனக்கு" என்றார் சேதுபதி.

இவற்றில் எதுவும் அவருக்கு அதிர்ச்சியில்லை. எல்லாம் அந்தத் தாளில் இருந்தவை, அல்லது டாக்டர் வாயால் சொன்னவை. தாளில் இல்லாதது ஒன்று தீபாவளியன்று வந்தது.

வெளியே சமைத்ததையும் சூடாகச் சாப்பிடலாம் என்று டாக்டர் அனுமதி தந்திருந்தார். ஈஸ்வரி இறால் சம்பால் சமைத்துக்கொண்டு வந்தார். நாலு வருடத்துக்குப் பிறகு. யாரும் பழையதைப் பேசவில்லை. சேதுபதி நாலு இறாலைச் சாப்பிட்டார், ஐந்தாவதைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். உதடு விறுவிறுத்தது. கழுத்தில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. சுதா தண்ணீர் எடுக்க ஓடினார். ஈஸ்வரி மட்டும் அசையாமல் தம்பி முகத்தையே பார்த்தார். அந்த முகத்தை அவர் கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

"சுதா, தண்ணி வேணாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்றார். கைப்பையைத் திறந்து, எந்நேரமும் தனக்காகச் சுமந்து திரியும் அவசர ஊசியை எடுத்து, மூடியைக் கழற்றி, தம்பியின் தொடையில் வேட்டிக்கு மேலேயே குத்திப் பிடித்துக்கொண்டார். பத்து எண்ணினார். பாலர் பள்ளியில் எண்ணுவது போல, சத்தமாக, நிதானமாக.

அவசரப் பிரிவுக் கட்டிலில் வீக்கம் வடியத் தொடங்கியதும் சேதுபதி சொன்ன முதல் வார்த்தையைக் கேட்க இரண்டு பேரும் குனிந்தார்கள். தடித்த உதட்டை நகர்த்தி அவர் சொன்னார். "உப்பு சரியா இருந்துச்சுக்கா."

டாக்டர் இளமதி மறுநாள் வந்து பார்த்தார். கொடுத்தவரின் ஒவ்வாமை பெற்றவருக்கு வருவது உண்டு, ஆனால் அபூர்வம், மருத்துவ இதழ்களில் சில நேர்வுகள் பதிவாகியிருக்கின்றன என்றார்.

"லிஸ்ட்ல இது இல்ல டாக்டர்" என்றார் சேதுபதி. அவருக்கு உண்மையிலேயே மனத்தாங்கல். டாக்டர் பேனாவை எடுத்து, அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் கையால் எழுதிச் சேர்த்துக் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார்.

இருதயராஜ் வந்து சேர்ந்தது இந்தச் சமயத்தில்தான். உயர்நிலைப் பள்ளியில் சேதுபதியோடு ஒரே பெஞ்சு. முட்டிவலிக்காரர். கடல் தாண்டிப் போய் ஊசி போட்டுக்கொண்டால் முட்டி, முதுகு, சுருக்கம், மறதி எல்லாம் தீரும் என்று சொல்லும் ஒரு மருந்தகத்துக்கு ஆள் சேர்த்துவிடுபவராக அண்மையில் ஆகியிருந்தார். ஏமாற்றுக்காரர் இல்லை. தான் நம்புவதை ஊரும் நம்பவேண்டும் என்று நினைக்கிற ரகம்.

"சேது, நீ செஞ்சதும் ஸ்டெம் செல், இதுவும் ஸ்டெம் செல். ஞாயித்துக்கெழம மத்தியானம் ஃபேரர் பார்க் ஹோட்டல்ல ஒரு கூட்டம். நீ வந்து நாலு வார்த்தை பேசணும். முகத்தைப் பாரு, ஒரு சுருக்கம் இல்ல. முடி பாரு, பதினெட்டு வயசுப் பையன் மாதிரி."

சேதுபதி மறுக்கவில்லை. அந்த வாரப் பரிசோதனையில் டாக்டரிடம் கேட்டார். டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்களுக்குச் செஞ்சது பல வருஷமா ஆயிரக்கணக்கான பேருக்குச் செஞ்சு, எண்ணி, எழுதி வச்ச சிகிச்சை. அதுக்கே நீங்க பட்ட பாடு இவ்ளோ. நிரூபிக்காம எதையோ ஊசியில ஏத்துற இடத்துல, கிருமி தொத்தினவங்க இருக்காங்க, ஏத்துன இடத்துல கட்டி வளர்ந்தவங்க இருக்காங்க, கண்ணுல போட்டுப் பார்வை போனவங்களும் இருக்காங்க. அதைவிட, அங்க என்னென்ன ஆகும்னு முழுசா எண்ணி வச்சவங்க யாருமே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை அவர் நோட்டோடு போனார். துணைக்கு அக்கா. அறுபது எழுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேநீரும், உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த கறிபாப்பும் இருந்தன. மேடையில் பளபளவென்று ஒரு திரை, 'இளமை திரும்பும்' என்று. இருதயராஜ் ஒலிவாங்கியில், "நம்ம சேதுபதி, வாழும் சாட்சி" என்றார். கைதட்டல்.

சேதுபதி மாஸ்க்கை இறக்கி முகத்தைக் காட்டிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். "வணக்கம். எனக்கு ரத்தப் புற்றுநோய். ஸ்டெம் செல் இல்லன்னா இன்னைக்கு இங்க நிக்க மாட்டேன். அதனால அதைக் குறை சொல்ல நான் வரல. எனக்கு என்னென்ன ஆச்சுன்னு மட்டும் சொல்றேன்." நோட்டைப் பிரித்தார்.

மூன்று வாரம் எச்சில் விழுங்க முடியாமல் கிடந்ததைச் சொன்னார். பூண்டு வாடையைச் சொன்னார். தோல் உரிந்ததை, வார்டில் பட்ட வயிற்றுப்போக்கை, அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்ற எண்ணிக்கையோடு சொன்னார். கறிபாப் தின்றுகொண்டிருந்த சிலர் அதைத் தட்டில் வைத்தார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா கையைத் தூக்கினார்.

"தம்பி, கன்னம் மினுமினுன்னு நல்லாத்தானே இருக்கு?"

"அது மருந்து வீக்கம்மா. அமுக்கினா பள்ளம் விழும்."

"முடி?"

"முடி நல்லா வந்திருக்கு. அதை ஒத்துக்கறேன்."

சிரிப்பு அடங்கியதும் அவர் நோட்டை மூடினார். "நான் லிஃப்ட் பாக்குறவன். ஒரு லிஃப்ட்ல ஏறுறதுக்கு முன்னாடி எத்தனை கிலோ தாங்கும், யாரு சோதிச்சாங்க, எப்ப சோதிச்சாங்க, பழுதானா யாரைக் கூப்பிடணும்னு எழுதி ஒட்டியிருக்கும். இவங்ககிட்டயும் அதையே கேளுங்க. இந்தச் செல் யாருதுன்னு கேளுங்க. எந்த நோய்க்கு எத்தனை பேருக்குச் செஞ்சாங்க, எத்தனை பேருக்கு ஒத்துக்கல, ஊசி போட்டு வீட்டுக்கு வந்தப்புறம் காய்ச்சல் வந்தா இங்க யாரு பாப்பாங்கன்னு கேளுங்க. பதிலை எழுத்துல வாங்குங்க. முக்கியமா உங்க டாக்டர்கிட்ட அதைக் காட்டுங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவர் அந்தக் கேள்விகளை அப்போதே கேட்டார். மேடையிலிருந்த மருந்தகத்து ஆள், இன்னொரு படத்தைத் திரையில் காட்டினார். அதில் கடற்கரையில் ஒரு வயதான தம்பதி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கும் ஏழு பேர் படிவம் வாங்கிக்கொண்டு போனார்கள். சேதுபதி அதை எண்ணினார். அக்கா, "முப்பது புள்ளைங்கள்ல ஏழு புள்ளைங்க எப்பவும் கேக்காது, விடு" என்றார். இருதயராஜ் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டு, அந்தக் கேள்விகளைத் தானும் எழுதி அனுப்பியதாகவும், பதிலுக்குத் தள்ளுபடிச் சலுகைதான் வந்தது என்றும் சொன்னார். இப்போது அவர் முட்டிக்கு வாரம் இரண்டு நாள் இயன்முறை மருத்துவரிடம் போகிறார். வலி பாதி குறைந்திருக்கிறதாம். மீதி பாதியைப் பற்றி எல்லாரிடமும் பேசுகிறார்.

ஓர் ஆண்டு நிறைந்தபோது டாக்டர் புதிதாக ஒன்று சொன்னார். பழைய மஜ்ஜையோடு, சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவும் அழிந்துவிட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து போடவேண்டும். உயிருள்ள கிருமி வைத்த ஊசிகளுக்கு இன்னும் ஒரு வருடம் பொறுக்கவேண்டும். மற்றவற்றைத் தொடங்கலாம்.

அப்படித்தான், ஐம்பத்துமூன்று வயது சேதுபதி ஒரு புதன்கிழமை காலையில் பலதுறை மருந்தகத்தில், தடுப்பூசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் மூன்று மாதக் குழந்தை. வலப்பக்கம் ஈஸ்வரி, பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு. எதிரே ஒரு தள்ளுவண்டியில் இரட்டையர். குழந்தையை மடியில் வைத்திருந்த இளம்பெண் சிநேகமாகச் சிரித்தார்.

"பேரனா அங்கிள், பேத்தியா? எங்க, அம்மாகிட்டயா?"

"எனக்குத்தான்மா ஊசி."

அந்தப் பெண் ஈஸ்வரியைப் பார்த்தார். "ஆமா" என்றார் ஈஸ்வரி. "ஒரு வயசு ஆகுது."

தாதி பெயரைக் கூப்பிட்டார். இரண்டு ஊசி, கைக்கொன்று. இரட்டையரில் ஒன்று அவரைப் பார்த்து அழத் தொடங்க, மற்றதும் சேர்ந்துகொண்டது. அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொன்னார்கள். கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம் என்றார்கள். அடுத்தது இரண்டு மாதம் கழித்து.

வெளியே வந்தபோது பதினொன்றரை. சேதுபதிக்குத் தோசை வேண்டும் என்றிருந்தது, சூடாக, கல்லிலிருந்து நேராக. ஈஸ்வரிக்கு நூடுல்ஸ் போட்ட மீ சூப். தம்பி சொன்ன கடையில் கூட்டம் அதிகம், அவருக்கு ஆகாது என்றார் அக்கா. அக்கா சொன்ன கடையில் இறால் வாடை அடிக்கும், இப்போது இரண்டு பேருக்குமே ஆகாது என்றார் தம்பி. பேருந்து நிறுத்தத்தில் நின்று இதைத் தீர்ப்பதற்குள் இரண்டு பேருந்து போய்விட்டது. கடைசியில் இரண்டு பேருக்குமே பிடிக்காத ஒரு கடையில் போய் உட்கார்ந்து, சாப்பாடு வரும்வரை அதையே குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.